கல்லுக்குள் நீர், நீருக்குள் குமிழி: சுங்காய் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்காய், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன ஊர். பக்கத்தில் அரசின் பெல்டா நிலக் குடியேற்றத்துக்குள் சுங்கை கிளா வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதி ஊர் அங்கே முட்டை அவித்துக்கொண்டிருக்கும். நான் கல்லை மெல்லிசாக அறுத்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் சூடேற்றிப் பார்க்கும் வேலை செய்பவள். ஊற்றுக்குப் போய்விட்டு வருகிறவர்கள், தோட்டத்துப் பெரியவர்கள், ஆறாம் படிவப் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வாக எடுத்த ஓரிருவர் என்று பலரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கச்சி, கல்லுக்குள்ள தண்ணி இருக்குன்னு சொல்றியாமே, நெசமாவா?

நிஜம்தான். பூமிக்கடியில் வெந்நீர் ஓடும் பாறை வெடிப்புகளில் குவார்ட்ஸ், கால்சைட் போன்ற கனிமங்கள் படிகமாக வளர்கின்றன. படிகத்தின் முகம் எல்லா இடத்திலும் சீராக வளராது. நடுவில் சின்னப் பள்ளம் விழும், சுற்றிலும் வளர்ந்து அதை மூடிவிடும். அப்போது ஓடிக்கொண்டிருந்த நீரில் ஒரு துளி உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். வளர்ந்து முடிந்த படிகம் பின்னால் விரிசல் விட்டு, அந்த விரிசல் மறுபடி மூடும்போதும் இதே கதைதான். பாடப்புத்தகத்தில் ஃபுளூயிட் இன்குளூஷன் என்று இருக்கும். நான் நீர்ப்பை என்றே எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாது. நான் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் எண்ணிக்கையில் குறைச்சல் இல்லை. பால் போல வெளுத்த குவார்ட்ஸ் அப்படி வெளுத்திருப்பதற்கே இவை கணக்கில்லாமல் அடைந்து கிடப்பதுதான் முக்கியக் காரணம்.

தண்ணிக்குள்ள குமிழி எங்கிருந்து வந்துச்சு? காத்து புகுந்துருச்சா?

காற்று புகவில்லை. அடைபட்ட நேரத்தில் பை முழுக்க வெந்நீர் மட்டும்தான். கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை ஊற்றி இறுக்கி மூடிய கண்ணாடிப் போத்தலை ஆறவிட்டால் மேலே வெற்றிடம் விழுமே, அதேதான். நீர் சுருங்கும் அளவுக்கு அதைச் சுற்றியுள்ள கல் சுருங்காது. மிஞ்சிய இடம் குமிழியாக நிற்கிறது. உள்ளே கொஞ்சம் நீராவி, சில வேளை கரியமில வாயு இருக்கும்.

குமிழியின் அளவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 200 டிகிரி செல்சியஸில், கொதிக்கும் தறுவாயில் இருக்கும் நீரின் அடர்த்தி, அறை வெப்பத்தில் உள்ள நீரின் அடர்த்தியில் சுமார் 87 விழுக்காடு. 250 டிகிரியில் 80, 300 டிகிரியில் 71. ஆக 250 டிகிரியில் அடைபட்ட பை ஆறிய பிறகு அதில் ஐந்தில் ஒரு பங்கு குமிழியாக இருக்கும். பழகிய கண் பார்த்தவுடனேயே இது 200 சொச்சமா 300 சொச்சமா என்று ஒரு மதிப்புப் போட்டுவிடும்.

சரி, அதை வச்சு எப்படிச் சூட்டை அளக்குறீங்க?

சுருங்கியதைத் திரும்ப விரிய வைப்பதுதான் வேலை. கல்லைச் சூடேற்றினால் நீர் விரியும், குமிழி சுருங்கும், ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறோம். யோசனை பழசு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1858லேயே குமிழியை வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று எழுதிவிட்டார்.

சொல்வது சுலபம், பார்ப்பது கண்ணைக் கட்டும் வேலை. முதலில் கல்லை இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு சில்லு எடுக்கிறோம். ஒட்டும்போதும் தேய்க்கும்போதும் கல் சூடாகக் கூடாது. சில்லை உடைத்து, ஒரு துண்டை மைக்ரோஸ்கோப்பில் பொருத்திய சின்னச் சூடேற்றும் மேடையில் வைக்கிறோம். சூடு ஏற ஏறக் குமிழி சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் ஒரு புள்ளியாகி நடுங்க ஆரம்பிக்கும். அங்கே ஓடும், இங்கே ஓடும், பையின் கறுத்த ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். மறைந்ததா ஒளிந்ததா என்பதுதான் சிக்கல். அதற்கு ஒரு வழி உண்டு: சில டிகிரி மட்டும் குளிரவிடுங்கள். ஒளிந்திருந்த குமிழி உடனே மெல்லப் பெருத்து வெளியே வரும். உண்மையிலேயே மறைந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வராது. இன்னும் நிறையக் குளிர்ந்த பிறகு திடீரென்று எகிறிக் குதித்துத் தோன்றும். இப்படி ஏற்றி இறக்கி, ஒரு டிகிரிக்குள் எண்ணைப் பிடிக்கலாம்.

எதுக்கு இவ்வளவு பாடு? கெணறு தோண்டி தெர்மாமீட்டரை உள்ள விட்டா தெரிஞ்சுட்டுப் போகுது!

விடுகிறார்கள், விடத்தான் வேண்டும். ஆனால் துளையிடும்போது மாதக்கணக்கில் குளிர்ந்த சேற்று நீரைக் கிணற்றுக்குள் சுற்றவிடுகிறார்கள். சுற்றியுள்ள பாறை ஆறிப்போகிறது. அது பழைய சூட்டுக்குத் திரும்ப வாரங்கள் ஆகும், சில கிணறுகளில் மாதங்கள் ஆகும். கிணற்றுக்குள்ளேயே ஒரு ஆழத்தில் புகுந்த நீர் இன்னோர் ஆழத்தில் வெளியேறினால், தெர்மாமீட்டர் பாறையின் சூட்டைக் காட்டாமல் அந்த ஓட்டத்தின் சூட்டைக் காட்டும்.

துளையிடும்போதே மேலே வரும் கல் துணுக்குகளில் உள்ள நீர்ப்பைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இன்னொரு லாபம், தெர்மாமீட்டர் இன்றைய சூட்டை மட்டும்தான் சொல்லும். நீர்ப்பை அன்றைய சூட்டைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இந்த நிலத்தடி அடுப்பு ஏறுகிறதா, அணைகிறதா என்று தெரியும். அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கப் பணம் போடுகிறவருக்கு அதுதானே முக்கியம்?

கல்லை ஐஸ் ஆக்குறீங்களாமே, அது எதுக்குக்கா?

உப்பு பார்க்க. உப்பு கூடினால் பனி உருகும் வெப்பநிலை கீழே இறங்கும். திரவ நைட்ரஜன் விட்டு நீர்ப்பையை உறைய வைத்து, மெல்லச் சூடேற்றி, கடைசிப் பனித்துண்டு எப்போது உருகுகிறது என்று பார்க்கிறோம். பூஜ்யத்தில் உருகினால் நல்ல தண்ணீர். கழித்தல் 2 டிகிரி அளவில் உருகினால் கடல் நீருக்குக் கிட்டத்தட்ட. சாப்பாட்டு உப்பு மட்டும் கரைந்திருந்தால் கழித்தல் 21.2 டிகிரிக்குக் கீழே போகாது. அதையும் தாண்டினால் கால்சியம் போன்ற வேறு உப்புகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

புவிவெப்ப நீரில், அதாவது பூமிக்குள் சூடேறிய நீரில், ஒரு பொறி இருக்கிறது. கரைந்த கரியமில வாயுவும் பனி உருகும் வெப்பநிலையைக் கீழே இழுக்கும். நியூசிலாந்தின் பிராட்லேண்ட்ஸ் புவிவெப்ப வயலை (வெந்நீருக்குக் கிணறு தோண்டிய பகுதியை) வைத்து 1985ல் ஹெடன்குவிஸ்ட், ஹென்லி இருவரும் இதைக் காட்டினார்கள். அங்கே கிணற்று நீரில் உப்பு கொஞ்சம்தான், ஆனால் நீர்ப்பையைப் பார்த்தால் நிறைய உப்பு போலத் தெரியும். வித்தியாசம் வாயுவால் வந்தது. பனி உருகும் அளவை அப்படியே உப்புக் கணக்கில் போட்டுவிடும் ஆய்வேடுகளை இன்றும் பார்க்கிறேன், எரிச்சலாக வரும்.

வேலை வரிசையும் முக்கியம். முதலில் சூடேற்றுவது, பிறகுதான் உறைய வைப்பது. குமிழி சின்னதாக இருக்கும் பையில் நீர் பனியாகி விரிந்தால் பையின் சுவரைத் தள்ளிவிடும். அப்புறம் சூடேற்றினால் தப்பான எண்தான் வரும்.

ஒரே கல்லுல நாலு பை பாத்தேன், நாலும் நாலு சூடு காட்டுது. எதை எழுதுறது?

சராசரி மட்டும் எழுதாதீர்கள்! முதலில் அவை ஒரே நேரத்தில் அடைபட்டவையா என்று பாருங்கள். படிகத்தின் வளர்ச்சி வரிகளை ஒட்டி வரிசையாக இருப்பவை படிகத்தோடு பிறந்தவை. குறுக்கே, படிகத்தின் ஓரத்தையே வெட்டிக்கொண்டு கோடாகப் போகிறவை பின்னால் விழுந்த விரிசலில் அடைபட்டவை. முன்னதையும் பின்னதையும் கூட்டி நாலால் வகுத்தால், எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும்.

ஒரே வரியில் உள்ள பைகளை ஒரு குடும்பமாக எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்துக்குள் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் வழக்கம். ஐந்து, பத்து டிகிரிக்குள் நின்றால் நம்பலாம். 180லிருந்து 320 வரை சிதறினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. ஒரு பெரிய பை இறுகி இரண்டாகப் பிரிந்து, குமிழி ஒன்றுக்கும் தண்ணீர் மற்றொன்றுக்கும் போயிருக்கலாம். பை கசிந்திருக்கலாம். அல்லது சூடேற்றும்போது நீங்களே கெடுத்திருக்கலாம்: குமிழி மறைந்த பிறகும் சூடேற்றிக்கொண்டே போனால் உள் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறிச் சுவர் இழுபடும். அதனால்தான் ஒரு துண்டில் முதலில் மறையும் குமிழியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்.

எல்லாக் கல்லும் ஒண்ணுதானே? கால்சைட் நெறைய கெடைக்குது, அதையே பாக்கலாமா?

பார்க்கலாம், சந்தேகத்தோடு. குவார்ட்ஸ் கெட்டி, அழுத்தம் தாங்கும். கால்சைட் மென்மையானது, பிளவுபடும் தளங்களும் உண்டு. முந்தைய பதிலில் சொன்ன இழுபடலும் கசிவும் அதில்தான் அதிகம். அன்ஹைட்ரைட் என்ற கனிமமும் அப்படியே. ஆனால் புவிவெப்பக் கிணறுகளில் குவார்ட்ஸ் போதாத இடங்களில் இவைதான் கைகொடுக்கும். ஒதுக்கிவிட முடியாது.

சார் கிளாஸ்ல அழுத்தத் திருத்தம் போடணும்னு சொன்னாரு. எவ்வளவு போடணும்?

குமிழி மறையும் வெப்பநிலை என்பது குறைந்தபட்ச எண். நீர் கொதிநிலைக்கு வேண்டிய அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் அடைபட்டிருந்தால், உண்மையான சூடு அதற்கும் மேலே இருக்கும். பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவான தாது நரம்புகளில் இந்த வித்தியாசம் பெரிதாகவே வரும்.

புவிவெப்ப வயல்களில் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். ஆழம் குறைவு, நீரும் கொதிக்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருத்தம் சில டிகிரிதான் வரும். ஒரே குடும்பத்தில் நீர் நிறைந்த பைகளும் ஆவி நிறைந்த பைகளும் சேர்ந்து கிடந்தால் இன்னும் நல்லது. அடைபட்டபோதே நீர் கொதித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம், திருத்தமே வேண்டாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஆவியும் நீரும் கலந்து அடைபட்ட சில பைகளும் இருக்கும். அவை இல்லாத சூட்டை எல்லாம் காட்டும். அங்கே மிகக் குறைந்த எண்களை எடுத்துக்கொள்வதே சரி.

நம்ம தோட்டத்து மேட்டுல வெள்ளைக் கல்லு வரிவரியா ஓடுது. அதைப் பாத்தா சுங்கை கிளா அடியில எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சிடுமா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது. தெரியாது. அந்த வெள்ளை வரி குவார்ட்ஸ் நரம்பு. அது ஓடும் கருங்கல், தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட். அதன் வயது சுமார் 20 கோடி ஆண்டுகள். கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் கொடுத்ததும் அந்தக் காலத்துச் சூடான நீர்தான். அத்தகைய நரம்புகளில் உள்ள நீர்ப்பைகள் 300, 400 டிகிரிகூடக் காட்டும். அந்த எண் உண்மைதான். ஆனால் அது கிரானைட் ஆறிக்கொண்டிருந்த காலத்து எண். இன்று ஊற்றில் வரும் நீருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

யாராவது ஒரு கல்லைக் காட்டி, இதோ 350 டிகிரி, அடியில் பெரிய அடுப்பு இருக்கிறது, முதலீடு செய்யுங்கள் என்றால், இந்தக் கல் எப்போது வளர்ந்தது என்று முதலில் கேளுங்கள். இன்றைய நீரோடு தொடர்புள்ள கனிமமாக இருக்க வேண்டும்: இன்று நீர் ஓடும் வெடிப்பிலேயே படிந்தது, அல்லது கிணற்றில் நீர் வரும் ஆழத்திலிருந்தே எடுத்தது. அப்போதுதான் எண்ணுக்கு மதிப்பு.

அப்போ சுங்கை கிளாவுக்கு என்னதான் வழி? அந்தத் தண்ணி ஏன் சூடா இருக்கு?

எரிமலை இல்லை, அதை விட்டுவிடுங்கள். மழை நீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, இன்னொரு பிளவு வழியாக வேகமாக மேலே வருகிறது. தீபகற்பத்தின் பெரும்பாலான வெந்நீர் ஊற்றுகள் இப்படித்தான், சிலிம் ரிவர் பக்கத்து உலு சிலிம் உட்பட. கிரானைட்டில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கமும் கொஞ்சம் சூடு சேர்க்கிறது.

இங்கே நீர்ப்பையைவிட ஊற்று நீரையே சோதிப்பது மேல். சூடு கூடக் கூட நீரில் சிலிக்கா (குவார்ட்ஸ் ஆன பொருள்) கூடுதலாகக் கரையும், மேலே வரும் வேகத்தில் அது முழுதும் படிந்துவிடாது. கரைந்த சிலிக்காவிலிருந்து அடியில் உள்ள சூட்டைக் கணக்கிட, ஃபூர்னியே என்ற ஆய்வாளர் 1977ல் கொடுத்த குவார்ட்ஸ் சூத்திரத்தில் ஒரு கிலோ நீருக்கு 100 மில்லிகிராம் சிலிக்கா என்று போட்டால் அடியில் ஏறக்குறைய 137 டிகிரி என்று வரும். கிலோமீட்டருக்கு 30 டிகிரி கூடுகிறது என்று வைத்தால், அந்தச் சூட்டுக்கு நீர் மூன்றரை, நான்கு கிலோமீட்டர் ஆழம் போயிருக்க வேண்டும். இது உதாரணக் கணக்கு, சுங்கை கிளாவின் அளவு இல்லை. வழியில் ஆற்று நீர் கலந்தால் சிலிக்கா நீர்த்து, எண் குறைத்துக் காட்டும்.

கிணத்துல 240 டிகிரி. அதே ஆழத்துக் கல்லுல 280. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். முன்பு 280 இருந்தது, இப்போது 240க்கு ஆறிவிட்டது என்பதுதான் எளிய விளக்கம். ஒரே ஆழத்துத் துணுக்குகளில் 240 முதல் 280 வரை பரவி, மிகக் குறைந்த எண் கிணற்று அளவோடு ஒத்துப்போனால் ஆறிப்போன கதை இன்னும் பலப்படும். கடைசியாக அடைபட்டவை இன்றைய சூட்டைக் காட்டுகின்றன.

தலைகீழாக, கல்லில் 200, கிணற்றில் 240 என்றால் இரண்டு வாய்ப்பு. பாறை பின்னால் சூடேறியிருக்கலாம். அல்லது அந்தத் துணுக்கு அந்த ஆழத்துக் கல்லே இல்லை. துளையிடும்போது மேல்மட்டத்துக் கல் சரிந்து விழுந்து கலந்து வருவது சகஜம். இதற்காகவே முழு நீளக் கல் உருளை கிடைத்தால் அதை முதலில் பார்க்கிறோம்.

எதற்கும் ஆழத்துக்கான கொதிநிலைக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீருக்கு அடியில் கொதிநிலை சுமார் 180 டிகிரி, ஒரு கிலோமீட்டரில் சுமார் 300. உங்கள் புள்ளிகள் கோட்டுக்கு மேலே, இன்னும் சூடான பக்கம் விழுந்தால், பழைய காலத்தில் நிலமட்டமோ நீர்மட்டமோ உயரமாக இருந்திருக்கலாம். இல்லாவிட்டால் முன்பு சொன்ன ஆவி கலந்த பைகளை நீங்கள் பொறுக்கியிருக்கிறீர்கள்.

மோதிரக் கல்லுல குமிழி தெரியுது. கடைக்காரரு கண்ணாடின்னு சொல்றாரு, அதுவும் இதுவும் ஒண்ணா?

கண்ணாடிக் குமிழி பெரும்பாலும் உருண்டையாக, வெறும் வாயுவாக இருக்கும், அசையாது. நீர்ப்பைக்குப் படிகத்தைப் போலவே மூலைகள் இருக்கும், உள்ளே நீரும் குமிழியும் இரண்டும் தெரியும். சில பெரிய குவார்ட்ஸ் துண்டுகளில் கல்லைச் சாய்த்தால் குமிழி நகர்வதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். விலை பேசும் முன் ஒரு நல்ல லென்ஸில் பாருங்கள். சூடேற்றிச் சோதிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவராதீர்கள், கல் வெடித்துவிடும்.

நம்ம நாட்டுல இதுல கரண்டு எடுக்கலாமா, இல்ல சும்மா பேச்சுதானா?

அதிகம் பேசப்பட்ட இடம் சபாவில் தவாவ் பக்கத்து அப்பாஸ் கிரி. அங்கே இளம் எரிமலைப் பாறைகள் இருக்கின்றன, 30 மெகாவாட் நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள், நிறைவேறவில்லை. தீபகற்பத்தில் அந்த அளவுச் சூட்டை எதிர்பார்க்கக் கூடாது. தாய்லாந்தின் ஃபாங் நகரத்தில் எரிமலை இல்லாத ஊற்றுப் பகுதியிலிருந்து 1989 முதல் 300 கிலோவாட் சின்ன நிலையம் ஒன்றை இயக்கினார்கள். நமக்குப் பொருத்தமான அளவு அதுதான் என்பது என் எண்ணம். அலாஸ்காவின் சீனா (Chena) ஊற்றில் 74 டிகிரி நீரிலேயே 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே குளிர்விக்கப் பச்சைத் தண்ணீர் ஐஸ் மாதிரி கிடைக்கும், சுங்காய் வெயிலில் அது நடக்காது.

அக்கா, கடைசியா ஒண்ணு. நாமளே நீர்ப்பை செஞ்சு கெணத்துக்குள்ள விட முடியாதா?

நல்ல கேள்வி, ஜப்பானில் செய்திருக்கிறார்கள். கக்கொண்டா வயலில் 1990களில் 3,700 மீட்டருக்கும் மேல் ஆழமாகப் போன கிணற்றின் அடியில் 500 டிகிரியைத் தாண்டியது. சாதாரண மின்கருவிகள் தாங்காது. அங்கே விரிசல் விட்ட குவார்ட்ஸ் துண்டுகளைச் சின்னக் குடுவையில் வைத்துக் கிணற்றில் இறக்கினார்கள். சில நாள்களில் சூட்டில் விரிசல்கள் மூடி, உள்ளே புதிய நீர்ப்பைகள் உண்டாயின. மேலே இழுத்து, முன்பு சொன்ன அதே மேடையில் வைத்துப் படித்தார்கள். எப்போது அடைபட்டது என்ற தலைவலி இந்த முறையில் இல்லை, தேதி கையில் இருக்கிறது. அழுத்தத் திருத்தம் மட்டும் இங்கே கட்டாயம். கிணற்றின் அழுத்தம் தெரியுமாதலால் அதுவும் சிக்கல் இல்லை.

ஒரு கல்லு கொண்டாந்தா பாத்துச் சொல்வீங்களா?

கொண்டுவாருங்கள். கல்லோடு ஒரு தாளும் வேண்டும்: எடுத்த இடம், கிணற்றுக் கல் என்றால் ஆழம், எந்தப் பாறையில் ஒட்டியிருந்தது, பக்கத்தில் இன்று நீர் கசிகிறதா. அழியாத மைப் பேனாவால் கல்லின் மேல்பக்கத்தைக் குறித்துவிடுங்கள். கழுவுங்கள், ஆனால் வெந்நீரில் போடாதீர்கள், அடுப்புப் பக்கம் காய வைக்காதீர்கள். கைப்பிடி அளவு போதும், சாக்கு மூட்டை வேண்டாம்.